கறுப்புக் குதிரையின் காது

மார்ச் 3, செவ்வாய்

இன்று கடையில் ஏழு கண்ணாடி. ஏழு லென்ஸ் ஜோடியும் ஃபிரேமில் சொன்னபடி உட்கார்ந்தன. ஏழாவது ஆள் மட்டும், "பழைய கண்ணாடியிலதான் சார் நல்லா தெரிஞ்சுது" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அவருடைய பழைய கண்ணாடியில் ஒரு பக்கம் லென்ஸே கிடையாது.

வரும் வழியில் பேருந்து நிறுத்தத்துக் கடையில் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். காரணம், மாமாவின் குதிரை.

மாமா என்றால் இவளுடைய, அதாவது என் மனைவியின், அப்பா. அத்தை போன பிறகு, நான்கு மாதமாக எங்களோடு இருக்கிறார். முப்பத்தைந்து வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அத்தனை வருடம் அத்தனை பேரோடு பேசிய வாய், இப்போது காலையில் "காபி" என்கிறது, மாலையில் "வந்தாச்சா" என்கிறது. நல்ல நாளென்றால் "மழை வரும் போல" என்பதும் உண்டு. மற்றபடி கூடத்து ஜன்னலருகே செஸ் பலகை. அத்தையோடு தினமும் ஆடிய பலகை. எதிரே ஆளில்லாததால், ஒரு காயை நகர்த்திவிட்டுப் பலகையைத் திருப்பி வைத்து, அடுத்த காயையும் அவரே நகர்த்துகிறார். எனக்கு ஆடத் தெரியும். "ஒரு ஆட்டம் போடலாமா மாமா?" என்று கேட்கத்தான் நான்கு மாதமாக வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

கறுப்புக் குதிரைகளில் ஒன்றுக்குக் காது நுனி உடைந்திருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் அதைச் சீவிச் சரிசெய்து வைத்துவிட்டால் அவரே பேச்சை ஆரம்பிப்பார். இதுதான் திட்டம். மயிரிழை பிசகாமல் லென்ஸ் வெட்டுகிற கை. ஒரு மரக்குதிரையின் காதா பெரிது?

மார்ச் 5, வியாழன்

பெரிதுதான்.

மாமா குளிக்கப் போன நேரத்தில் குதிரையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கத்தியைக் காதில் வைத்தேன். இறங்கவில்லை. அழுத்தினேன். இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கத்தி வழுக்கியது, குதிரை கழுத்தோடு முறிந்தது. என் கட்டைவிரலிலும் ஒரு கோடு.

கழுத்து மட்டும் என்றால் ஒட்டியிருப்பேன். ஒட்டுவதற்கு முன் முறிந்த இடத்தைக் கொஞ்சம் சமப்படுத்தலாம் என்று அதே கத்தியை மறுபடியும் வைத்தேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி. முகமே போய்விட்டது. இப்போது அது குதிரையும் இல்லை, சிப்பாயும் இல்லை.

இரண்டு துண்டையும் ஒரு பழைய கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடி, என் மேசை டிராயரின் அடியில், ஸ்க்ரூ டிரைவர்களுக்குக் கீழே தள்ளிவிட்டேன். ஐம்பத்தோரு வயது எனக்கு. பள்ளிக்கூடத்தில் மார்க் அட்டையை ஒளித்த பிறகு இப்போதுதான் ஒரு பொருளை ஒளிக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

"மாப்ள, கறுப்புக் குதிரை ஒன்னக் காணோம். பாத்தீங்களா?"

சொல்லியிருக்கலாம். அந்த நொடியில் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "இல்லையே மாமா, எங்க வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது மட்டுமா? உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். யார் சொன்னார்கள் என்னைப் புகச் சொல்லி?

மார்ச் 8, ஞாயிறு

வீடு முழுக்கத் தேடல். தலைமை தாங்கியவன் நான். சோபாவைக் கவிழ்த்ததில் இரண்டு பேனா, ஒரு தெர்மாமீட்டர், ஆறு வருடமாகக் காணாமல் போயிருந்த இவளுடைய தோடு எல்லாம் கிடைத்தன. தோட்டுக்காக நான் திட்டு வாங்கிய ஆறு வருடத்துக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

ஒன்று கவனித்தேன். தேடும்போது மாமா பேசுகிறார். "அந்த மூலைல பாருங்க." "உங்க அத்தை ஒரு தடவ ராணிய அரிசி டப்பாவுல வெச்சுட்டா, தோக்கப் போறோம்னு." முழுசாக ஒரு மணி நேரம். நான்கு மாதத்தில் பேசியதைவிட அதிகம். நான் பீரோவுக்கு அடியில் இருந்தபடி "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

குதிரை நிற்க வேண்டிய கட்டத்தில் இப்போது லென்ஸ் துடைக்கும் பாட்டிலின் மூடி நிற்கிறது. பார்க்கவே சகிக்கவில்லை.

புதிய திட்டம்: இன்னொரு கறுப்புக் குதிரையைப் பார்த்து, அதே மாதிரி ஒன்று செதுக்கி, கட்டில் காலுக்குப் பின்னால் போட்டு, நானே "கண்டுபிடிப்பது". கடையில் உடைந்து கிடக்கும் ஃபிரேம் ஸ்டாண்டின் கால் கறுப்பு மரம்தான். மரம் இருக்கிறது, கை இருக்கிறது. கத்திதான் வேண்டும்.

மாமாவின் கண்ணாடியில் ஒரு திருகு தளர்ந்து ஆடுகிறது. நாளைக்கு முடுக்கித் தருகிறேன் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

திருகு விஷயத்தை மறந்தே போனேன். மாலையில் பார்த்தால் இறுக்கமாக இருக்கிறது. இவள் முடுக்கியிருப்பாள். கண்ணாடிக் கடைக்காரன் வீட்டில் கண்ணாடியை மற்றவர்கள் ரிப்பேர் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மார்ச் 11, புதன்

பார்சல் வந்தது. பன்னிரண்டு செதுக்குக் கத்திகள், மரப்பெட்டியில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படுக்கை. நேர்க்கத்தி, வளைகத்தி, கொக்கிக்கத்தி, எதற்கென்றே தெரியாத கத்தி நான்கு. பெட்டியைத் திறந்ததும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். விளிம்பு ரம்பம் மாதிரி பல்பல்லாக இருக்கிறது. மற்ற பதினொன்றும் அப்படியே. பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூடக் கூர் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

சோப்பில் பழகலாம் என்று ஆரம்பித்தேன். சோப்புக்குக் கூர் தேவையில்லை, பொறுமை போதும். மூன்று கட்டி தீர்ந்தது.

இவள் குளியலறையிலிருந்து கத்தினாள்: "ஏங்க, சோப்பு ஏன் நாய் மாதிரி இருக்கு?"

நாயா! குதிரை அது.

மார்ச் 16, திங்கள்

கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் செயற்கைப் பல் செய்யும் லேப் இருக்கிறது. அங்கே மெழுகில் பல் செதுக்கும் பெண்ணைத் தெருவில் எல்லோரும் "பல்லு மேடம்" என்பார்கள். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். கண்ணாடியின் மூக்குப் பட்டையை மாற்ற வந்தவர், என் மேசையில் கிடந்த கத்திகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதெல்லாம் எதுக்கு சார்?"

"நுணுக்கமான செதுக்கு வேலைக்கு."

"எது, இதுவா?" என்று அந்த மடக்குக் கத்தியை இரண்டு விரலால் தூக்கினார். செத்த எலியைத் தூக்குவது போல. "இது வெட்டாது சார், பொளக்கும். முதுகு இவ்ளோ தடியா இருந்தா உள்ள போகப் போக மரத்த ரெண்டு பக்கமும் தள்ளும். காது மாதிரி சின்ன எடத்துல வெச்சா காது தெறிச்சுடும்."

காது என்று நான் சொல்லவே இல்லை. எல்லோருக்கும் உதாரணத்துக்குக் காதுதான் கிடைக்கிறது.

தன் பையிலிருந்து அவருடைய கத்தியை எடுத்துக் காட்டினார். அலகு என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, விசிட்டிங் கார்டு கனம். அதை வாங்கி அந்தக் கறுப்பு மரத்தில் வைத்தேன். நான் தள்ளவில்லை, அதுவாகப் போனது. சுருள் சுருளாகச் சீவல் வந்தது. எனக்குப் பொறாமையில் காது சூடாகிவிட்டது.

"பன்னெண்டு கத்தி வாங்கினீங்களா? ஒன்னு போதும். மெல்லிசா, குட்டையா, நேரா. வளைஞ்சது பாக்க அழகா இருக்கும், தீட்டத் தெரியாதவங்களுக்கு அது சனியன்."

பன்னிரண்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது. மூலையில் கிடந்த சின்னது. அதை மட்டும்தான் நான் தொட்டதே இல்லை.

மார்ச் 19, வியாழன்

என்னத்தச் சொல்ல.

அந்தச் சின்னக் கத்திக்குக் கூர் போட வேண்டும். கூர் போட உரச வேண்டும். உரசுவதுதானே என் தொழில்? லென்ஸ் உரசும் சக்கரம் கண்ணெதிரே இருக்கிறது. தண்ணீர் திறந்துவிட்டால் முதலாளிக்குச் சத்தம் கேட்கும் என்று, அவர் சாப்பிடப் போனபோது தண்ணீர் இல்லாமலே சக்கரத்தைச் சுழலவிட்டுக் கத்தியை வைத்தேன். பொறி பறந்தது. ஆகா என்று இருந்தது. இருபது வருடத்தில் இந்த மெஷினில் பொறி பறந்து பார்த்ததே இல்லை. ஏன் பறக்கவில்லை என்று யோசித்திருக்கலாம் இல்லையா? நுனியில் அழகாக ஒரு நீலம் ஏறியது.

மதியத்துக்கு மேல் வைத்த முதல் லென்ஸ் முழுக்கக் கீறல். சக்கரத்தின் பல்லிடுக்கில் எல்லாம் இரும்புத் தூள்.

முதலாளி சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நீலக் கத்தியைப் பார்த்தார். "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். இத்தனை வருடப் பழக்கத்தில் ஒரு மனிதர் என்னைச் சந்தேகப்பட இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.

"குதிரை செய்றேன் சார்" என்றேன்.

"ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க" என்றார்.

மார்ச் 20, வெள்ளி

பல்லு மேடத்தின் தீர்ப்பு: "நீலம் ஏறின எடம் செத்துப் போச்சு சார். சூட்டுல இரும்பு தளந்துடுச்சு. இனிமே எவ்ளோ தீட்டினாலும் கூர் நிக்காது."

இவள் வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து ஓர் ஆபரேஷன் பிளேடு கொண்டுவரச் சொன்னேன். மெல்லிசு என்றால் அப்படி ஒரு மெல்லிசு. மரத்தில் வைத்தேன், வளைந்தது, பட்டென்று நுனி பறந்து திரைச்சீலையில் குத்திக்கொண்டது. மெல்லிசாக இருந்தால் போதாது, நிற்கவும் தெரிய வேண்டும்.

மார்ச் 21, சனி

லீவு. கருவிக் கடைக்குப் போனேன். பல்லு மேடம் ஒரு மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்திருந்தார்: முதுகு கார்டு கனம், நுனி வரவர மெலிய வேண்டும், அலகு கட்டைவிரலைவிட நீளம் கூடாது, கண்ணருகே பிடித்து நீளவாக்கில் பார், கோணல் இருந்தால் திருப்பிக் கொடு, பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார், விளிம்பு எந்தப் பக்கம் என்று கை சொல்ல வேண்டும், நகத்தால் சுண்டிப் பார், மொத்தென்று கேட்டால் வேண்டாம்.

கடைக்காரர் ஒன்பது கத்திகளை எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றாகக் கண்ணருகே வைத்துப் பார்த்து, கண்ணை மூடித் தடவி, காதருகே வைத்துச் சுண்டினேன்.

"எதுக்கு சார் கத்தி?"

"ஒரு காது வெட்டணும்."

அவர் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டார். ஒன்பதாவது கத்தி சரியாக இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைத் தேடல். இப்போது இது வழக்கமாகிவிட்டது. மாமா நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்காருகிறார், நான் டார்ச்சோடு உள்ளே.

"டிக்கெட் இல்லாதவன எப்படிக் கண்டுபிடிப்பேன் தெரியுமா மாப்ள?"

"எப்படி மாமா?"

"டிக்கெட் இருக்கறவன் ஒரு பாக்கெட்ல தேடுவான். கெடைக்கலன்னா திருதிருன்னு முழிப்பான். இல்லாதவன் எல்லா எடத்துலயும் தேடுவான். பையக் கொட்டுவான், செருப்பக் கழட்டுவான். ஒருத்தன் குடைய விரிச்சுப் பாத்தான்."

"அப்புறம் என்ன செய்வீங்க? எறக்கி விட்டுடுவீங்களா?"

"சேச்சே. எதிர் சீட்ல உக்காந்துப்பேன். தேடி முடிக்கட்டுமே, என்ன அவசரம்? அது வரைக்கும் பேச்சுத்துணை."

அருமையான மனிதர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குடையை விரித்துப் பார்த்தானாம்! கட்டிலுக்கு அடியில், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த முட்டாளை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மார்ச் 27, வெள்ளி

ஐந்து நாளாகக் காலையில் பால்கனியில் தீட்டுக்கல். கல்லை நனைத்து, கத்தியின் சரிவு முழுசாகக் கல்லில் படுத்திருக்கும்படி வைத்து, விளிம்பை முன்னால் விட்டுத் தள்ள வேண்டும். முதுகு ஒரு நூல் உயர்ந்தாலும் போச்சு. இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது. கறுப்புச் சேறு வரும், அதைக் கழுவக் கூடாது.

இன்று வந்தது கூர்! செய்தித்தாள் கிழியாமல் அறுந்தது. முன்கை முடி சோப்பு இல்லாமலே போனது. சந்தோஷத்தில் முழங்கை வரைக்கும் மழித்துவிட்டேன்.

சாப்பிடும்போது இவள் பார்த்தாள். "கையில முடி எங்க போச்சு?"

"உதிர்ந்துடுச்சு."

"ஒரு கையில மட்டுமா?"

மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. புரையேறியிருக்கும்.

மார்ச் 28, சனி

மரத்தில் வைத்தேன். மூன்றே இழுப்பு. கத்தி மொக்கை.

முடியை மழித்த கத்தி அய்யா அது! எங்கே போனது அந்தக் கூர்? நேற்று முழங்கை வரை வழுவழுவென்று எடுத்தது யார்?

மார்ச் 30, திங்கள்

பல்லு மேடம் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நீங்க தீட்டினது கத்திய இல்ல சார், பிசிர."

ஒரு பக்கம் உரசினால் விளிம்பு மெலிந்து அடுத்த பக்கம் மடங்குமாம். அந்த மடிப்புதான் பிசிர். விரலுக்குக் கூர் போலத் தெரியும், தாளை அறுக்கும், முடியை எடுக்கும். கடினமான ஒன்றில் வைத்தால் படுத்துவிடும்.

"பிசிர எடுத்தாதான் கூர். கடைசில ரொம்ப மெதுவா, ஒரு பக்கம் ஒன்னு, மறுபக்கம் ஒன்னு. அப்புறம் தோல் பெல்ட்ல பாலிஷ் பொடி தடவி, விளிம்ப பின்னால விட்டு இழுங்க. முன்னால தள்ளினா பெல்ட் அறுந்துடும்." போகும்போது இன்னொன்றும் சொன்னார். "நல்ல கூர் கண்ணுக்குத் தெரியாது சார். விளிம்பு எங்கயாவது மின்னுச்சுன்னா அங்க மொக்கைன்னு அர்த்தம்."

"பாலிஷ் பொடிக்கு எங்க போறது?"

என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவை ஒரு விரலால் நகர்த்தினார். லென்ஸ் பாலிஷ் பொடி. இருபது வருடமாக அங்கேதான் இருக்கிறது.

மார்ச் 31, செவ்வாய்

வீட்டில் தோல் பெல்ட் தேடினேன். என்னுடையது எல்லாம் ரெக்சின். மாமா தன் பெட்டியைத் திறந்து, யூனிஃபார்மோடு போட்ட பழைய பெல்ட்டை எடுத்து நீட்டினார். கெட்டித் தோல், ஒரு கை அகலம்.

"எனக்கு இனிமே எதுக்கு மாப்ள. நல்லா இழுத்துக் கட்டி வெச்சு வேலை பாருங்க."

என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கத்தி தீட்டத் தவிர பெல்ட்டை வேறு எதற்கு இழுத்துக் கட்டி வைப்பார்கள் என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. வயதானவர், ஏதோ வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார்.

ஏப்ரல் 3, வெள்ளி

வெட்டுகிறது. பெல்ட்டில் முப்பது இழுப்பு, மரத்தில் பத்து நிமிடம், மறுபடி பெல்ட். கறுப்பு மரம் கொஞ்சமும் முரண்டு பிடிக்காமல் சுருண்டு விழுகிறது. இரண்டு காதும் வந்துவிட்டன. முகம் மட்டும் இன்னும் நாய்தான்.

ஏப்ரல் 9, வியாழன்

மைத்துனன் போன் செய்தானாம். அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போக 26-ஆம் தேதி வருகிறான். அங்கே தனி அறை, தோட்டம், தெருக்கோடியில் டாக்டர். மாமாவிடம் கேட்டதற்கு, "குதிரை கெடைச்சதும் வரேன்" என்றாராம்.

இவளுக்குக் கோபம். "ஒரு மரக்கட்டைக்காக உக்காந்திருப்பாரா ஒரு மனுஷன்? புது செட்டே வாங்கித் தரேன்னா வேணாங்கறாரு." பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "அனுப்பணும்னு எனக்கு மட்டும் ஆசையா? இங்க யார்கூடப் பேசறாரு சொல்லுங்க. ஜன்னல்கூடத்தான். தம்பி வீட்ல பிள்ளைங்க இருக்கு" என்றாள்.

என்னிடம் பேசுகிறாரே என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கே பேசுகிறார் என்று கேட்டால் கட்டிலுக்கடியில் என்றா சொல்வது?

குதிரைக்கு இனி மூக்குத்துளையும் பிடரியும்தான் பாக்கி. இரண்டு நாள் வேலை.

ஏப்ரல் 10, வெள்ளி

கத்தி கூர் போதவில்லை. தீட்டினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தேடல். மாமா கதை சொன்னார். கத்தி தீட்டினேன்.

ஏப்ரல் 13, திங்கள்

தீட்டினேன்.

ஏப்ரல் 16, வியாழன்

பல்லு மேடம் என் கத்தியை வாங்கி நகத்தின் மேல் லேசாக வைத்தார். வழுக்காமல் பிடித்துக்கொண்டது. "இதுக்கு மேல என்ன கூர் சார் வேணும் உங்களுக்கு? தீட்டத் தீட்டக் கத்தி தேயும், தெரியுமில்ல? இப்படியே போனா பிடி மட்டும்தான் மிஞ்சும். வேலைய முடிங்க."

"முடிச்சா அவரு போயிடுவாரு" என்று சொல்லிவிட்டேன். யாரிடம் சொல்ல வேண்டியது, யாரிடம் சொல்கிறேன் பார்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கத்தியைத் துடைத்துத் திருப்பித் தந்தார்.

ஏப்ரல் 18, சனி

கடையிலிருந்து வந்தபோது மாமா கட்டிலுக்கடியில். எழுபத்து நான்கு வயது மனிதர், முழங்காலில், தலையை உள்ளே விட்டுக்கொண்டு. நான் "மாமா!" என்று கத்தியதில் நிமிர்ந்து, கட்டில் சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார். புடைத்துவிட்டது.

நான் பண்ணினது. நான்தான். அவர் போகக் கூடாதுன்னு நான் கத்தி தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், அவர் இல்லாத குதிரைய மண்டி போட்டுத் தேடறாரு. இதுக்குப் பேர் என்ன? பாசமா? வெக்கமா இல்ல?

முடித்துவிடுகிறேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

முடிந்தது. மூக்குத்துளை, பிடரி, கண். கறுப்புப் பாலிஷ் போட்டுக் காயவைத்தேன். காது இரண்டும் பிரமாதம். முகம் அப்படி இப்படித்தான்.

ஏப்ரல் 22, புதன்

காலையில் கட்டில் காலுக்குப் பின்னால் வைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து டார்ச்சோடு புகுந்து, "மாமா! கெடைச்சுடுச்சு!" என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

மாமா உள்ளங்கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாப்பத்தேழு நாள் கட்டிலுக்கடியில கெடந்திருக்கு. ஒரு பொட்டு தூசி இல்ல பாருங்க." மூக்கருகே கொண்டுபோனார். "வாசனையா வேற இருக்கு."

பிறகு எழுந்து போய், தன் பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். என்னுடையது. திறக்கத் தேவையில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"திருகு முடுக்கலாம்னு உங்க டிராயர்ல ஸ்க்ரூ டிரைவர் தேடினேன் மாப்ள. ஒம்பதாம் தேதி."

ஒன்பதாம் தேதி. மார்ச் ஒன்பது. குடையை விரித்துப் பார்த்தவன் நான்தான்.

"அப்ப அன்னைக்குக் கட்டிலுக்கடியில என்ன தேடினீங்க? நெத்தி புடைச்சுதே?"

"அதுவா? செருப்பு உள்ள போயிடுச்சு."

"தெரிஞ்சும் ஏன் மாமா என்னைத் தேடவிட்டீங்க?" அழுகையே வந்துவிட்டது எனக்கு.

அவர் குதிரையை அதன் கட்டத்தில் வைத்து, முகத்தை நேராகத் திருப்பினார். "கட்டிலுக்கு வெளிய இருக்கறப்ப நீங்க என்கூடப் பேசவே மாட்டீங்களே மாப்ள."

நானா? அவர் பேசவில்லை என்றல்லவா நான்—

பாட்டில் மூடியை எடுத்து என் கையில் கொடுத்தார். "உக்காருங்க. வெள்ளை உங்களுக்கு."

பத்தொன்பது நகர்த்தலில் தோற்றேன். என் ராணியைத் தூக்கியது அந்தக் கறுப்பு மிருகம்தான். "பாத்தீங்களா, உங்க நாய் கடிச்சுடுச்சு" என்றார். முதல் நாளே கேட்டிருந்தால் நூற்றைம்பது ஆட்டமாவது ஆடியிருப்போம்.

ஏப்ரல் 24, வெள்ளி

காலை ஓர் ஆட்டம், மாலை ஓர் ஆட்டம். இரண்டிலும் கடி.

"குதிரை கெடைச்சாச்சு. சொன்ன சொல்லு, போகணும்" என்றார். மைத்துனன் டிக்கெட் எடுத்துவிட்டான். டிக்கெட்டை வீணாக்கும் மனிதரில்லை இவர். "இருங்க மாமா" என்று இரண்டே வார்த்தை. சொல்ல முடிந்ததா? கத்திக்கு வந்த கூர் நாக்குக்கு வரவில்லை.

ஏப்ரல் 25, சனி

பெட்டி கட்டியாயிற்று. பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

மைத்துனன் காலையில் வந்தான். மாலை நாலு மணிக்கு ரயில். மாமா செஸ் பலகையைக் கடைசியாக எடுத்து வைப்பதாகச் சொன்னார்.

இங்கே மறைக்க ஒன்றுமில்லை: அவர் குளிக்கப் போனபோது நான் ஒரு வெள்ளைக் குதிரையை எடுத்து என் கால்சட்டைப் பைக்குள் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

மதியம் மாமா காய்களை ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் போட்டார். நான் முப்பத்தொன்றில் நிற்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முப்பதில் நின்றது.

"வெள்ளைக் குதிரை ரெண்டையும் காணோம்" என்றார் மாமா.

ரெண்டா?

நான் எடுத்தது ஒன்று. சத்தியமாக ஒன்று. மாமாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பை புடைத்திருந்தது. அதன் விளிம்புக்கு மேலே ஒரு வெள்ளைக் காது நுனி.

"அப்பா, ரயிலுக்கு நேரமாச்சு" என்றான் மைத்துனன்.

"குதிரை இல்லாம எப்படிடா வர்றது? நீ கெளம்பு. கெடைச்சதும் வரேன்." கையை மார்பின் மேல் வைத்துக்கொண்டு, நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அந்தக் காது அவள் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். உள்ளே போய் டார்ச்சை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். நான் புகுந்தேன். கால்சட்டைப் பைக்குள் இருந்த குதிரை தொடையில் குத்தியது.

மைத்துனன் இரண்டரைக்குக் கிளம்பிப் போனான். நாலு மணி தாண்டிய பிறகும் நான் வெளியே வரவில்லை.

"மாப்ள," என்றது மேலேயிருந்து குரல். "கெடைக்கலன்னா புதுசா ரெண்டு வெள்ளைக் குதிரை செய்யணும்னா எவ்ளோ நாளாகும்?"

"கத்தி கூர் பத்தாது மாமா. முதல்ல தீட்டணும்."

"தீட்டுங்க, தீட்டுங்க. என்ன அவசரம்?"